சுண்ணாம்புக்காரத் தெருவின் தலைப்பிரசவம்

சுண்ணாம்புக்காரத் தெரு குறுகிக்கொண்டு வருகிறது என்பதை முதலில் கண்டுபிடித்தது குப்பை வண்டிதான். நினைவு தெரிந்த நாளிலிருந்து தெருவுக்குள் போய்த் திரும்பி வந்துகொண்டிருந்த அந்த வண்டி, ஒரு திங்கட்கிழமை காலையில் எல்லப்பா வீட்டுச் சுவருக்கும் எதிர்வீட்டுச் சுவருக்கும் நடுவில் மாட்டிக்கொண்டு முன்னேயும் போகாமல் பின்னேயும் வராமல் நின்றுவிட்டது. கதவைத் திறக்க முடியாமல் ஜன்னல் வழியாக வெளியே வந்த வண்டிக்காரர், வண்டிதான் எப்படியோ பருத்துவிட்டது என்று நினைத்து டயர்களில் காற்றை இறக்கிப் பார்த்தார். தெருக்காரர்கள் அவருக்கு டீ வாங்கிக் கொடுத்தார்கள், ஆளுக்கொரு யோசனை சொன்னார்கள், கடைசியில் பின்னாலிருந்து கயிறு கட்டி இழுத்தார்கள். வண்டி வெளியே வந்தபோது இரண்டு பக்கச் சுவர்களின் பூச்சும் அதன் மேல் ஒட்டிக்கொண்டு, புதிதாக வெள்ளையடித்த மாதிரி இருந்தது. மறுநாளிலிருந்து குப்பையை அவரவர் தெருமுனைக்குக் கொண்டுபோய்க் கொட்டினார்கள். அதற்கு மேல் யாரும் யோசிக்கவில்லை.

பைரசந்திரம் மூன்று மாநிலங்கள் முட்டிக்கொள்ளும் மூலையில் இருக்கிற ஊர். அங்கே சந்தையில் தமிழில் விலை கேட்டு, தெலுங்கில் பேரம் பேசி, கன்னடத்தில் கோபித்துக்கொண்டு, உருதுவில் சமாதானமாகிக் காய் வாங்கிக்கொண்டு போவார்கள். சுண்ணாம்புக்காரத் தெருவில் இந்த நாலு பாஷைக்காரர்களும் சுவரோடு சுவர் ஒட்டித்தான் எப்போதும் இருந்தார்கள் என்பதால், சுவர்கள் இன்னும் கொஞ்சம் கிட்டே வந்தது பெரிய விஷயமாகத் தெரியவில்லை. ஆட்டோ வருவது நின்றது. பிறகு பைக்குகள் தெருமுனையிலேயே படுத்துக்கொண்டன. எதிரெதிரே வருகிறவர்கள் ஒருவரை ஒருவர் கடக்க முடியாமல் போனபோது, காலையில் வெளியே போகிறவர்களுக்கு வழி, சாயந்தரம் உள்ளே வருகிறவர்களுக்கு வழி என்று ஏற்பாடாயிற்று. எதையாவது மறந்துவிட்டுப் போனவர்கள் அதைச் சாயந்தரம் வரை மறந்தே இருந்தார்கள். கோலங்கள் பூவை இழந்து, கொடியை இழந்து, வாசலுக்கு ஒரு கோடாக மிஞ்சின. பீரோவைத் திறக்க இடமில்லாமல் கதவுகளைக் கழற்றி மாடியில் வைத்தார்கள். பெண் பார்க்க வந்தவர்கள் ஒருவர் பின் ஒருவராக பஸ்ஸில் உட்காருவது போல் உட்கார்ந்தார்கள், முன்னால் இருந்தவர் பார்த்துப் பார்த்துப் பின்னால் இருப்பவர்களுக்குச் சொன்னார். சண்டை போட்டுக்கொண்டவர்கள் முகத்தைத் திருப்பிக்கொள்ள இடமில்லாததால் சீக்கிரமே ராசியானார்கள்.

தாலுக்கா ஆபீசிலிருந்து சர்வேயர் வந்து சங்கிலி பிடித்தார். பழைய வரைபடத்தில் என்ன அளவோ அதேதான் இருக்கிறது, ஒரு விரற்கடை கூடக் குறையவில்லை என்று சொல்லிவிட்டுப் பக்கவாட்டில் நடந்து வெளியே போனார். அவருடைய சங்கிலியும் தெருவுக்குள் நுழைந்ததும் சேர்ந்து குறுகியிருந்தது என்பதை அவரிடம் சொல்ல யாருக்கும் மனசு வரவில்லை, பாவம், வெயிலில் வந்திருந்தார்.

இது ஒரு தெருவின் சங்கதி மட்டும் இல்லை என்பது மெல்ல மெல்லத் தெரிந்தது. பைரசந்திரம் முழுக்க, ஏன், மாநிலத்தின் அந்த ஓரம் முழுக்கவே துவைத்த பருத்தித் துணி மாதிரி சுருங்கிக்கொண்டிருந்தது. எல்லைக்கு அந்தப் பக்கம், எங்கெங்கிருந்தோ ஜனங்கள் வந்து கட்டடம் கட்டி, கட்டிய கட்டடத்துக்குப் பக்கத்திலேயே ஷெட் போட்டுக் குடியிருந்த இடங்களில் பூமி அகன்றுகொண்டே போனது. ஒரு டீக்கடை ராத்திரி ஒரு மாநிலத்தில் மூடிப் படுத்து, காலையில் இன்னொரு மாநிலத்தில் கண்விழித்தது. கடைக்காரர் பலகையின் எழுத்தை மாற்றிவிட்டு அதே டீயைப் போட்டார். டெல்லிக்காரர்கள் இழுக்கிறார்கள் என்று ஒரு கட்சி சொன்னது, பக்கத்து மாநிலத்தான் திருடுகிறான் என்று இன்னொரு கட்சி சொன்னது, இரண்டு கட்சியும் ஒரே மைதானத்தில் கூட்டம் போட்டபோது மைதானம் ஒரு மேடைக்கு மட்டுமே போதுமானதாக இருந்ததால் கேட்பவர்கள் எல்லாம் மேடைக்கு வெளியே பக்கத்து ஊரில் நின்று கேட்டார்கள்.

தெருவின் நடுவில், தெருவிலேயே அதிகம் குறுகிய வீட்டில் இருந்தவர் மாதையன். பெண்டாட்டி பச்சையம்மா போய்ச் சேர்ந்து வெகுகாலம் ஆகிறது. ஒரே மகள் சரளா எல்லைக்கு அந்தப் பக்கம் பெரிய நகரத்தில் வாழ்க்கைப்பட்டு, அங்கேயே வேலையிலும் இருந்தாள். மாதையன் அந்தக் காலத்தில் சுகாதாரத் துறை ஜீப் ஓட்டியவர். சிவப்பு முக்கோணம் வரைந்த அந்த ஜீப்பை ஒரு கையால் ஓட்டிக்கொண்டே இன்னொரு கையில் மைக்கைப் பிடித்து, “ஒன்றே போதும், நன்றே வளர்ப்போம்” என்று நாலு பாஷையிலும் ஊர் ஊராகக் கத்தியவர். சுண்ணாம்புக்காரத் தெருவில் முதல் ஆளாக ஆபரேஷன் செய்துகொண்டவரும் அவர்தான், சரளாவுக்கு அப்போது ஒரு வயசு. அரசாங்கம் கொடுத்த பிளாஸ்டிக் வாளியோடு அவர் சிரித்துக்கொண்டு வீடு வந்ததைப் பார்த்துவிட்டு, நம்ம மாதையனே செய்துகொண்டான், நமக்கென்ன என்று மற்றவர்களும் வரிசையாகப் போனார்கள். மாவட்டத்திலேயே சொன்ன பேச்சைக் கேட்ட தெரு என்று கலெக்டர் வந்து மாலை போட்டார்.

இப்போது அதே தெருவில்தான் அவரைக் குத்திப் பேசினார்கள். “எல்லாம் உன் மைக்கு வாயால போச்சு மாதையா” என்பாள் பக்கத்து வீட்டு குர்ஷித்பீ. அவரைவிடக் கொஞ்சம் மூத்தவள், சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்தே பேசுவாள். “ஒண்ணு போதும் ஒண்ணு போதும்னு கத்துனியே, இப்ப ஒருத்தர் நிக்கத்தான் எடம் இருக்குது.”

“நான் சொன்னது புள்ளைங்கள அக்கா, அடிக்கணக்க இல்ல” என்பார் அவர்.

“மண்ணு காதுல அப்படியா விழுந்துச்சு?”

சிரித்துவிட்டாலும் அவருக்கு அது உள்ளே போய்த் தங்கிவிடும். தான் சொன்னது தப்பா என்று படுத்துக்கொண்டு யோசிப்பார். புரண்டு படுக்க இடமில்லாததால் ஒரே பக்கமாக யோசிக்க வேண்டியிருந்தது. ரத்தச் சோகையோடு ஏழாவதும் எட்டாவதுமாகப் பெற்றுச் செத்துப்போன பெண்களை அதே ஜீப்பில் அவர்தான் ஏற்றிப் போயிருக்கிறார். அதனால் தப்பு என்று சொல்ல வாய் வராது. மண் செய்வது அநியாயம் என்று சொல்லலாமா என்றால், அதுவும் முடியவில்லை. எங்கே உயிர் பிறக்கிறதோ அங்கே போகிறது, எவன் பாஷை என்ன, எவன் சாதி என்ன என்று பார்க்காமல் போகிறது, அதைப் போய் எப்படி அநியாயம் என்பது. அப்படியானால் சொன்ன பேச்சைக் கேட்டவன் எதற்காகக் குறுக வேண்டும் என்று மறுபடியும் தொடங்குவார்.

குழந்தை பிறக்கிற இடத்துக்கு மண் வருகிறது என்பது தெரிந்ததே அவர் வீட்டில்தான். பின்கட்டு அறையில் ஒடிசாவிலிருந்து வந்த பிகாஷ் குடியிருந்தான், செங்கல் சூளையில் வேலை. அவன் மனைவி ஜமுனா ஏற்கெனவே இரண்டு பிள்ளைகளோடு வந்தவள், மூன்றாவதை ஆஸ்பத்திரிக்குப் போக நேரமில்லாமல் அந்த அறையிலேயே பெற்றாள். மறுநாள் காலையில் பார்த்தால் அறை ஒரு கட்டில் போடுகிற அளவுக்கு அகன்றிருந்தது. மாதையனின் சமையல்கட்டும் அதோடு சேர்ந்து கொஞ்சம் மூச்சுவிட்டது. தெருவே வந்து எட்டிப் பார்த்தது. பிகாஷ் கூச்சத்தோடு எல்லாரையும் உட்காரச் சொன்னான், உட்கார இடமும் இருந்தது.

“வீட்டுக்காரன் சுவத்துல பல்லி மாதிரி ஒட்டிக்கினு இருக்கிறான், வாடகைக்காரன் கையக் கால நீட்டிப் படுக்கிறான்” என்றார் எல்லப்பா. முன்னாள் கவுன்சிலர், வார்டு குறுகிப் பக்கத்து வார்டுக்குள் மறைந்துபோன பிறகும் தெரு விஷயங்களை அவர்தான் பார்த்துக்கொண்டார்.

ஜமுனா அந்தப் பெண்குழந்தையை குனி என்று கூப்பிட்டாள். தெருவில் கைக்குழந்தை என்று வேறு எதுவும் இல்லாததால் எல்லாரும் அதையே கொஞ்சினார்கள். கொஞ்சிவிட்டு, “இருந்தாலும் நம்ம புள்ள இல்லையே” என்று சொல்லிக்கொண்டே போனார்கள்.

அதற்குப் பிறகுதான் தெருவுக்கு யோசனை வந்தது. தலைப்பிரசவம் தாய் வீட்டில் என்பது நாலு பாஷைக்காரர்களுக்கும் பொதுவான வழக்கம். கட்டிக்கொடுத்த பெண்கள் எங்கெங்கே இருந்தாலும் முதல் பிள்ளைக்கு இங்கேதான் வர வேண்டும், வந்தால் மண்ணும் வரும். எல்லப்பாவின் இளைய மகள் வந்தாள், செட்டியார் வீட்டுப் பெண் வந்தாள். ஆனால் இரண்டு பேருக்கும் பிரசவம் ஆஸ்பத்திரியில் நடந்தது. தெரு காலையில் எழுந்து சுவரைத் தடவிப் பார்த்துக்கொண்டு காத்திருந்தது. சுவர் அங்கேயே இருந்தது. அகன்றது ஆஸ்பத்திரிதான். பிரசவ வார்டின் ஒரு கோடியிலிருந்து மறு கோடிக்கு நர்சுகள் சைக்கிளில் போய்க்கொண்டிருந்தார்கள் என்று பார்த்துவிட்டு வந்தவர்கள் சொன்னார்கள்.

இந்தச் சமயத்தில்தான் சரளா போன் செய்தாள். கல்யாணமாகி ஒன்பது வருஷம் கோயில், டாக்டர், மறுபடி கோயில் என்று அலைந்து களைத்து, இனி வேண்டாம் என்று விட்ட பிறகு கரு தங்கியிருந்தது.

“அப்பா, நான் அங்கதான் வருவேன். அம்மா ரூம்லதான் இருப்பேன்.”

“எங்க கண்ணு இருப்ப? ரூம்ல நானே குறுக்க படுக்க முடியல.”

“நீ நீளமா படு. நான் வருவேன்.”

மருமகன் சோமசேகர் போனை வாங்கி, “மாவா, யோசனை பண்ணாதீங்க. ஏழாவது மாசம் ஆகட்டும், நானே கூட்டிக்கினு வர்றேன்” என்றான். அவன் தாய்மொழி கன்னடம், மாமனாரிடம் பேசுவதற்காகவே தமிழ் கற்றவன்.

செய்தி தெருவுக்குத் தெரிந்த அன்று சாயந்தரமே எல்லப்பா வந்து வாசலில் நின்றார். உள்ளே வர இடமில்லை. “மாதையண்ணா, ஆஸ்பத்திரிக்கு விட்டா மண்ணு ஆஸ்பத்திரிக்குத்தான். சரளா புள்ள இந்தத் தெருவுல பொறக்கணும். ஞானசுந்தரி சிஸ்டரக் கூப்பிட்டுக்கலாம், பக்கத்துத் தெருதானே. எத்தன பிரசவம் பாத்தவங்க.”

“முப்பத்தஞ்சு வயசுல மொதப் பிரசவம் எல்லப்பா. பிரஷர் வேற இருக்குதாம்.”

“உன் பொண்ணு எங்களுக்கும் பொண்ணுதான். ஆனா ஒண்ண யோசி. அத்தன வருஷம் நீ சொன்னத நாங்க கேட்டோம். இந்த ஒண்ண நீ கேக்கக் கூடாதா?”

எல்லப்பா வாசலிலிருந்தே பின்கட்டைக் கையால் காட்டினார்.

“எடம் வேணும். பின்கட்ட காலி பண்ணு. அந்த ஒடிசாக்காரன வேற எடம் பாக்கச் சொல்லு. அவ்ளோ பெரிய ரூம்பு, பொண்ணு வந்து தங்க வேணாமா?”

சொல்லத்தான் வேண்டும் என்று அவருக்கும் பட்டது. மகளுக்கு இல்லாத அறையா என்று ஒரு பக்கம். அந்த அறை யாருடைய பிறப்பால் வந்தது என்று இன்னொரு பக்கம். இரண்டு பக்கமும் யோசித்துவிட்டு, கடைசியில் எது சுலபமோ அதைச் செய்தார். பிகாஷ் வேலை முடிந்து வந்ததும் சொன்னார். சொல்லும்போது அவர் குரல் மைக்கில் பேசுகிற மாதிரி தேவைக்கு மேல் சத்தமாக வந்தது.

பிகாஷ் தலையிலிருந்த செங்கல் தூசியைத் தட்டினான். “சரி அண்ணா. அக்கா வருது, ரூம் வேணும். சரிதான்” என்றான். பிறகு, “பாப்பா இங்க பொறந்துச்சு. நல்ல ரூம்” என்றான்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் போனார்கள். மூட்டைகளைத் தலைக்கு மேலே தூக்கிக்கொண்டு பிகாஷும், பிள்ளைகளை முன்னால் விட்டுக்கொண்டு ஜமுனாவும், அவள் தோளில் குனியும் ஒருவர் பின் ஒருவராகத் தெருமுனைக்கு நடந்தார்கள். வழியில் எல்லாரும் கதவுக்குள் ஒதுங்கி அவர்களுக்கு இடம் விட்டார்கள். குர்ஷித்பீ குழந்தையின் கையில் ஒரு பிஸ்கட் பாக்கெட்டைத் திணித்தாள். எல்லப்பா மாதையனின் தோளைத் தட்டி, “ரூம்பு எங்க போவும்? செவுரு கால் மொளச்சி எழுந்து போவுமா?” என்றார்.

சுவருக்குக் கால் முளைக்கவில்லை. குனி தெருமுனையைத் தாண்டி ஆட்டோவில் ஏறியதும், யாரோ மூச்சை விட்ட மாதிரி ஒரு சத்தம் கேட்டது, பின்கட்டு அறையின் சுவர்கள் ஒன்றை நோக்கி ஒன்று வந்து, நடுவில் ஒரு பாய் விரிக்கிற அளவு மட்டும் விட்டு நின்றன. சமையல்கட்டு பழையபடியும் குறுகி, அதைவிடவும் குறுகியது. தெரு பார்த்துக்கொண்டே நின்றது. அப்போதுதான் அவர்களுக்கு இன்னொரு பாதியும் புரிந்தது: மண் பிறக்கிற இடத்துக்கு வரும், பிறந்தவர் கிளம்பினால் கிளம்பிவிடும். வெளிநாடு போன பையன்கள், நகரத்துக்குப் போன பையன்கள், கட்டிக்கொடுத்த பெண்கள் எல்லாரும் பெட்டியோடு ஆளுக்கு இவ்வளவு தெருவையும் எடுத்துக்கொண்டுதான் போயிருக்கிறார்கள். அவர்களை பஸ் ஏற்றிவிட்டுக் கையசைத்துத் திரும்பியபோது வீட்டில் ஏதோ வெறிச்சென்று இருந்ததே, அது இதுதான்.

மாதையன் எல்லைக்கு அந்தப் பக்கம் ஷெட் ஷெட்டாகப் போய் பிகாஷைத் தேடினார். அந்தப் பூமி தினமும் அகன்றுகொண்டிருந்ததால் ஒரு ஷெட்டில் கேட்டுவிட்டு அடுத்ததற்குப் போவதற்குள் பொழுது போய்விட்டது. பிகாஷ் என்று நிறையப் பேர் இருந்தார்கள்.

ஏழாவது மாதம் சரளா வந்தாள். தெருமுனையில் காரை விட்டு இறங்கி நின்று தெருவைப் பார்த்துச் சிரித்தாள். “அப்பா, நேரா வந்தா தோள் இடிக்குது. பக்கவாட்டுல வந்தா வயிறு இடிக்குது. எப்படி வரட்டும், நீயே சொல்லு.”

முன்னால் மாதையன், பின்னால் சோமசேகர், நடுவில் சரளா சாய்ந்து சாய்ந்து நடந்து வீடு போய்ச் சேர்ந்தார்கள். வளைகாப்புக்குப் பெண்கள் வரிசையில் நின்று ஆளுக்கொரு வளையலைக் கைமாற்றிக் கைமாற்றி அனுப்பினார்கள், கடைசி ஆள் அதைச் சரளா கையில் போட்டாள். சோறு மட்டும் மாடிகளில் பரிமாறினார்கள். தெரு குறுகக் குறுக மொட்டைமாடிகள் கிட்டக் கிட்ட வந்து, ஒரு எட்டில் தாண்டிவிடும்படி ஆகியிருந்தன. ஆனால் மாடிக்குப் போகிற படிகளில் கர்ப்பிணி ஏற முடியவில்லை, அவ்வளவு ஒடுங்கியிருந்தன. சரளாவை அம்மா அறையில் படுக்கவைத்தார்கள். அவளால் கையை முழுக்க நீட்டாமலே இரண்டு பக்கச் சுவர்களையும் தொட முடிந்தது.

அவள் வயிறு வளர்ந்தது, தெரு குறுகியது. எட்டாம் மாதக் கடைசியில் செட்டியார் வீட்டுப் பையனுக்கு வெளியூரில் வேலை கிடைத்து, அவன் கிளம்பிய அன்று தெரு இன்னொரு விரற்கடை இறுகியது. அன்று ஞானசுந்தரி சிஸ்டர் வாசல்படிவரை வந்து, வாசலில் நின்றபடி கையை நீட்டிச் சரளாவின் நாடியைப் பார்த்தார். இனிமேல் இவளை வாசல் வழியாக வெளியே கொண்டுபோக முடியாது என்பதை அவர் சொல்லவில்லை, எல்லாரும் பார்த்துவிட்டிருந்தார்கள். சரளா மட்டும், “நான் வெளிய வரணும்னா புள்ள வெளிய வரணும். ஆனா புள்ள வெளிய வரணும்னா நான் வெளிய வரணும்போல இருக்குது சிஸ்டர்” என்றாள். யாரும் சிரிக்கவில்லை.

வலி ஒரு நடுப்பகலில் வந்தது. அன்று எல்லாரும் வீட்டில் இருந்தார்கள். சுவர்கள் வழியாக ஒரு வீட்டின் முனகல் எல்லா வீட்டுக்கும் கேட்டது. ஞானசுந்தரி சிஸ்டர் எப்படியோ உள்ளே நுழைந்து, கொஞ்ச நேரம் கழித்து மாதையனைப் பார்த்தார். ஜீப்பில் பல வருஷம் மாதையன் பக்கத்தில் உட்கார்ந்து போனவர் அவர். அந்தப் பார்வை மாதையனுக்குத் தெரியும்.

“பிரஷர் ஏறிடுச்சு. கை காலெல்லாம் வீங்கிப் போச்சு. புள்ளையும் திரும்பல. இங்க என்னால ஆவாது மாதையா.”

எல்லப்பா வாசலிலிருந்து, “சிஸ்டர், இன்னும் ஒரு அரை மணி பாருங்க. பொறந்துட்டா செவுரு தானா வெலகும். எடம் வந்துரும். அப்புறம் என்ன வேணாலும் பண்ணலாம்” என்றார். அவர் குரலில் கெட்ட எண்ணம் எதுவும் இல்லை. பயம்தான் இருந்தது. அவர் சொன்னதில் தப்பும் இல்லை. பிறந்துவிட்டால் சுவர் விலகும்தான். மாதையன் மகளைப் பார்த்தார். அவள் இரண்டு சுவர்களையும் இரண்டு உள்ளங்கைகளால் தள்ளிப் பிடித்துக்கொண்டிருந்தாள், வீடே தன்மேல் விழாமல் நிறுத்தி வைத்திருப்பவள் போல.

“அப்பா” என்றாள்.

அவர் சமையல்கட்டுக்குள் போய், கூரையின் கீழே நின்று, தலையை நிமிர்த்தி, ஜீப்பை விட்டு இறங்கிய நாளிலிருந்து பயன்படுத்தாத அந்தக் குரலில் கத்தினார். என்ன கத்தினார் என்பது அவருக்கே பிறகு ஞாபகம் இல்லை. ஓடு பிரிக்க ஆள் வேண்டும், கயிற்றுக் கட்டில் வேண்டும், மாடி மாடியாக வாருங்கள் என்று நாலு பாஷையிலும் கத்தியதாகத் தெரு சொல்கிறது.

வந்தார்கள். அம்மா அறையின் ஓடுகளைப் பிரித்தார்கள். சரளாவைச் சேலைகளில் கட்டி மேலே தூக்கி, கயிற்றுக் கட்டிலில் கிடத்தி, மாடியிலிருந்து மாடிக்குக் கடத்தினார்கள். ஒவ்வொரு கைப்பிடிச் சுவரிலும் அந்த வீட்டு ஆட்கள் நின்று கட்டிலை வாங்கி, தங்கள் மாடியைத் தாண்டி, அடுத்த வீட்டுக்காரர் கையில் கொடுத்தார்கள். குர்ஷித்பீயின் மாடியில் காயவைத்திருந்த மிளகாயை மிதித்துக்கொண்டு போனார்கள், யாரும் தும்மக்கூட இல்லை. கட்டிலுக்குப் பக்கத்தில் நடந்த மாதையன் எல்லப்பாவின் மாடி வந்ததும் நின்றார். எல்லப்பா கட்டிலின் ஒரு காலைப் பிடித்திருந்தார். அவர் கண்களிலிருந்து தண்ணீர் வழிந்துகொண்டிருந்தது.

“எடுத்துட்டுப் போறியே மாதையண்ணா” என்றார். ஆனால் கையை விடவில்லை. தெருமுனைவரை அவரும் தூக்கிக்கொண்டு வந்து, ஏணி வைத்து இறக்கவும் பிடித்தார்.

ஆம்புலன்ஸ் எல்லையைத் தாண்டி நகரத்துக்குத்தான் போயாக வேண்டும். உள்ளூர் ஆஸ்பத்திரியில் இதற்கு வசதி இல்லை, பெரிய ஆஸ்பத்திரி அங்கேதான் பக்கம். போகும் வழியில், வணக்கம், மீண்டும் வருக என்று ஒரு மாநிலத்தின் வளைவும், நல்வரவு என்று இன்னொரு மாநிலத்தின் வளைவும் எதிரெதிரே நிற்கிற இடத்தில், லாரிகளுக்கு நடுவே வண்டி மாட்டிக்கொண்டது. இனிமேல் தாங்காது என்று சிஸ்டர் சொன்னார். ஆம்புலன்ஸில் வந்த பையனும் சிஸ்டரும் சேர்ந்து என்னென்னவோ செய்தார்கள். இரண்டு வளைவுகளுக்கும் நடுவில், எந்த மாநிலத்திலும் சேராத தார் ரோட்டில், பெண்குழந்தை பிறந்தது. சரளா பிழைத்தாள். ஆஸ்பத்திரியில் ரத்தம் ஏற்றி நாலைந்து நாள் கண்ணைத் திறக்காமல் கிடந்து, பிழைத்தாள்.

குழந்தை பிறந்ததும் ரோடு விரிந்தது. ஒரு வளைவுக்கும் இன்னொரு வளைவுக்கும் நடுவில், ஒரு வீடு கட்டுகிற அளவுக்குச் செம்மண் பூமி, ஈரமாக, புதிதாக வந்து நின்றது. லாரிக்காரர்கள் அதைச் சுற்றிக்கொண்டு போனார்கள். மறுநாள் இரண்டு மாநில அதிகாரிகளும் நாற்காலி போட்டு உட்கார்ந்து அது யாருடையது என்று பேசத் தொடங்கினார்கள். குழந்தையின் அப்பா எங்கள் ஆள் என்றார்கள் ஒரு பக்கம், தலைப்பிரசவம் தாய்வீட்டுக் கணக்கு என்றார்கள் இன்னொரு பக்கம். குழந்தையோ அங்கே இல்லை. ஆஸ்பத்திரியில் இருந்தது, பிறகு அப்பா வீட்டுக்குப் போனது. பேச்சு சூடுபிடித்த நேரத்தில் நாற்காலிகளுக்குக் கீழே இருந்த மண் மெல்ல நழுவிப்போய், இரண்டு பக்கத்துக்காரர்களின் முட்டியும் ஒன்றோடொன்று இடித்தபோதுதான் அவர்களுக்குத் தெரிந்தது. அந்த மண் அடுத்து எங்கே போனதென்று யாருக்கும் தெரியாது. எங்கேயோ ஒரு ஷெட்டில் யாரோ ஒருத்தி பெற்றிருப்பாள்.

மாதையன் ஒரு மாதம் மகளோடு இருந்தார். பேத்தியை மடியில் போட்டுக்கொண்டு ஜன்னல் ஓரம் உட்கார்ந்திருப்பார். அந்த நகரத்தில் ஜன்னல்களுக்கு வெளியே நிறைய இடம் இருந்தது, அதில் நிறைய ஜனங்களும் இருந்தார்கள்.

“இங்கயே இருந்துருப்பா” என்றாள் சரளா. “அங்க என்ன இருக்குது?”

“நான் அங்க பொறந்தவன் கண்ணு.”

“அதனால?”

“நான் வந்துட்டா என் பங்கும் என்கூட வந்துரும். குர்ஷித் அக்கா செவுரு என் செவுத்துமேலதான் நிக்குது.”

சோமசேகர், “மாவா, அவங்களையும் கூட்டிக்கினு வாங்க” என்றான். அவன் மனசாரத்தான் சொன்னான். ஆனால் குர்ஷித்பீ வந்தால் எல்லப்பா வீடு இறுகும், எல்லப்பா வந்தால் செட்டியார் வீடு இறுகும், கடைசி ஆள் வெளியே வந்ததும் தெரு இருந்த இடத்தில் இரண்டு வேறு தெருக்களின் முதுகுகள் ஒட்டிக்கொண்டிருக்கும். இதையெல்லாம் விளக்கிச் சொல்ல அவருக்குத் தெம்பு இல்லை. பேத்தியின் உள்ளங்காலை ஒருமுறை தொட்டுவிட்டு பஸ் ஏறினார்.

பைரசந்திரத்தில் இறங்கியபோது சாயந்தரம், உள்ளே போகிறவர்களுக்கான நேரம். ஆனால் தெருமுனை இருக்க வேண்டிய இடத்தில் தெருமுனை இல்லை. இரண்டு கட்டடங்களுக்கு நடுவே ஒரு ஆள் பக்கவாட்டில் நுழையலாம், நுழையாமலும் போகலாம் என்பது போல் ஒரு இடுக்கு இருந்தது. அவர் அதன் முன் நின்றுகொண்டிருந்தார். உள்ளேயிருந்து யாரோ குக்கர் வைத்த சத்தமும், எல்லப்பா யாரையோ தெலுங்கில் திட்டுகிற சத்தமும் கேட்டன. எல்லப்பா தன்னோடு இனிப் பேசுவாரா என்று யோசித்தார். பேசாமல் இருக்க இடம் வேண்டுமே என்றும் தோன்றியது.

இடுக்கிலிருந்து வளையல் போட்ட ஒரு கை வெளியே நீண்டு அவர் சட்டையைப் பிடித்தது.

“எவ்ளோ நேரம் அங்கயே நிப்ப? என்ன புள்ள?”

“பொண்ணு, அக்கா.”

“யார மாதிரி?”

“பச்சையம்மா மாதிரி.”

“அல்லா காப்பாத்தட்டும். வா, உள்ள வா. வயித்த எக்கிக்கோ.”

அவர் இடது தோளை முதலில் விட்டார். பிறகு தலையைத் திருப்பி, கன்னத்தைச் சுவரில் வைத்தார். அங்கே உடம்பு மாட்டிக்கொண்டது.

“மூச்ச உள்ள இழு மாதையா” என்றாள் குர்ஷித்பீ, அவர் கையை இரண்டு கைகளாலும் பற்றிக்கொண்டு. “நல்லா இழு. இழுத்துப் புடிச்சிக்கோ. விட்டுடாத.”

மாதையன் மூச்சை உள்ளே இழுத்தார்.